பதினெட்டு வயசு நிரம்பின வண்டி

கோணப்பனையூர்க்காரர்கள் ஒருத்தர்கூடக் கெட்டவர்கள் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு என்மேல் வருத்தப்படக் கூடாது. யார் எதைச் சொன்னாலும் சொன்னபடியே செய்துவிடுவார்கள். அவர்களிடம் உள்ள ஒரே கோளாறு அதுதான். டவுனில் ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் "செத்த நில்லுங்க, வந்துருதேன்" என்று சொல்லிவிட்டு மகளைப் பார்க்க மதுரைக்குப் போய்விட்டார். கோணப்பனையூர்க்காரர்கள் ஏழு பேர் இரண்டு நாள் அங்கேயே நின்றார்கள். பக்கத்தில் பெஞ்சு கிடந்தது. ஆனால் உட்காரச் சொல்லவில்லையே.

அந்த ஊரில் தவசிலிங்கம் என்று ஒரு பையன், வயசு இருபத்தாறு. செங்கல் சூளையில் கல் சுமந்துகொண்டிருந்தான். மூன்று வருஷம் மனு போட்டுப் போட்டு ஒருவழியாக டவுன் பஞ்சாலையில் வேலை கிடைத்தது. அங்கே வேலைக்குச் சேர்ந்தால் நீலச் சட்டை கொடுப்பார்கள். பையின் மேல் ஆளின் பேரை மஞ்சள் நூலில் தைத்திருப்பார்கள். அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஊருக்குள் ஒரு தடவை நடந்துவிட்டால் போதும் என்று தவசி ஏங்கிக் கிடந்தான்.

சூப்பர்வைசர் கறாரான ஆள். ஆடி ஒண்ணாம் தேதி காலை எட்டு மணிக்கு கேட்டுக்குள் நிற்க வேண்டும், எட்டு ஒன்றுக்கு வந்தால் வேலை அடுத்த ஆளுக்குப் போய்விடும் என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஊரிலிருந்து டவுன் பதினாலு கிலோமீட்டர். முதல் பஸ் போய்ச் சேரும்போது மணி ஒன்பது. ஆக, இருபத்தைந்து நாளைக்குள் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கி, அதை ஓட்டவும் பழகியாக வேண்டும். தவசிக்குச் சைக்கிளே ஓட்டத் தெரியாது. கவலையில் இரண்டு நாள் அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் பஸ் நிறுத்தத்தில் பஞ்சர் கடை வைத்திருக்கும் காத்தமுத்துவிடம் போய் யோசனை கேட்டான். காத்தமுத்து வெளியூர்க்காரர், விவரமானவர். புதிதாகப் பழகுகிறவனுக்குப் பெரிய வண்டி ஆகாது, விலை குறைந்த பழைய வண்டியே போதும், சின்னதாக, எடை கம்மியாக, பெட்ரோலை அதிகம் குடிக்காததாகப் பார், உட்கார்ந்தால் இரண்டு காலும் தரையில் ஊன்ற வேண்டும் என்று நல்லபடியாகத்தான் சொன்னார். அதோடு விட்டிருக்கலாம்.

"ஒண்ணு சொல்லுதேன் கேட்டுக்கோ தவசி. வண்டி எடுக்கதும் பொண்ணு எடுக்கதும் ஒண்ணுதான். பெரியாளுங்களைக் கூட்டிட்டுப் போயி, தீர விசாரிச்சு எடு."

பேச்சுவாக்கில் சொல்லிவிட்டு அவர் டியூபைத் தண்ணீரில் அமுக்கப் போய்விட்டார். தவசி ஒரே ஓட்டமாக ஊருக்குள் ஓடினான்.

ஊரில் பதினாறு கல்யாணத்தை முன்னின்று நடத்தியவர் தவசியின் சித்தப்பா ஆவுடையப்பன். விஷயத்தைக் கேட்டதும் அவர் எழுந்துபோய்த் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். மச்சான் முறையில் கொம்பையாவும், கூட்டாளி சிதம்பரக்கனியும் சேர்ந்துகொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை ராகுகாலம் வருவதற்குள் போய்விட வேண்டும் என்று முடிவானது. தட்டில் தேங்காய், பழம், வெற்றிலை பாக்கு வைத்துக்கொண்டு நால்வரும் பஸ் ஏறினார்கள். தவசிக்குப் புது வேட்டி.

டவுனில் பஞ்சாலைக்கு எதிர்சாரியில் பழைய வண்டி வாங்கி விற்கிற யாக்கோபு அண்ணாச்சியின் கடை. தட்டோடு நாலு பேர் வருவதைப் பார்த்து, யாரோ கல்யாணத்துக்கு அழைக்க வருகிறார்கள் என்று அவர் நாற்காலி எடுத்துப் போட்டார். வண்டி பார்க்க வந்திருக்கிறோம் என்றதும், "தாராளமாப் பாருங்க, வெளிய வரிசையா நிக்கு" என்றார்.

ஆவுடையப்பனுக்கு முகம் சுருங்கிவிட்டது. தெருவில் நிறுத்தி வைத்துப் பார்ப்பது எங்கள் வழக்கம் இல்லை, ஒவ்வொன்றாக உள்ளேயிருந்து கூட்டி வரச் சொல்லுங்கள் என்றார். வியாபாரம் மந்தமான நாள். அண்ணாச்சி மறு பேச்சுப் பேசாமல் வரிசையில் நின்றதை உள்ளே தள்ளிக்கொண்டு போய், ஒவ்வொன்றாக வெளியே தள்ளிக்கொண்டு வந்தார்.

முதலில் வந்தது சிவப்பாக ஒரு சின்ன வண்டி. எடை இல்லை, உயரம் இல்லை, காத்தமுத்து சொன்னதெல்லாம் அச்சாக அப்படியே இருந்தது. தவசிக்குப் பார்த்த உடனே பிடித்துவிட்டது. தலையைக் குனிந்துகொண்டான்.

"வயசு என்ன ஆகுது?" என்று ஆவுடையப்பன் கேட்டார்.

"ஏழு வருசம்."

நால்வரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கொம்பையா எழுந்தே விட்டான்.

"ஏழு வயசா? மாமா, நம்மளைப் பிடிச்சு உள்ள போட்டுருவான். பதினெட்டு நிரம்பணும்லா?"

மோட்டார் சைக்கிள் ஓட்டும் வயதைத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்த யாக்கோபு அண்ணாச்சி, "ஆமா, பதினெட்டு நிரம்பாம ஆகாது. சட்டமே அதான்" என்றார்.

"கேட்டியளா, பொண்ணு வீட்டுக்காரரே சொல்லிட்டாரு" என்றான் கொம்பையா.

அப்புறம் பத்து வயசில் ஒன்று வந்தது, பன்னிரண்டில் ஒன்று வந்தது. பதினெட்டு இருந்தால் காட்டுங்கள், வேறு பேச்சு வேண்டாம் என்று ஆவுடையப்பன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். யாக்கோபு அண்ணாச்சிக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. கடைக்குப் பின்னால் தார்ப்பாய்க்கு அடியில் பதினெட்டு வருஷத்து வண்டி ஒன்று இரண்டு வருஷமாகக் கிடந்தது. அதன் சீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. அவர் கோழியை விரட்டி, வண்டியைத் துடைத்து, மூச்சு வாங்கத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தினார்.

தவசியை அதன் பக்கத்தில் நிற்க வைத்து உயரம் பார்த்தார்கள். மாப்பிள்ளை ஒரு முழம் அதிகம். ஆர்.சி. புத்தகத்தை வாங்கி ஆவுடையப்பன் ஜாதகத்தைப் போலத் தள்ளிப் பிடித்துப் படித்தார். என்ஜின் நம்பரையும் தவசியின் பிறந்த தேதியையும் கூட்டிக் கழித்ததில் ஏழு பொருத்தம் தேறியது. யாக்கோபு அண்ணாச்சிக்கு என்ன தோன்றியதோ, இதற்கு முன்னால் இரண்டு பேர் கையில் இருந்த வண்டி, பின்னால் சொல்லவில்லை என்று சொல்லக் கூடாது என்று உண்மையையும் சொல்லிவிட்டார்.

இது பெரிய விஷயமாகப் போயிற்று. நால்வரும் கடைக்கு வெளியே வேப்பமரத்தடியில் கூடி அரைமணி நேரம் பேசினார்கள். சிதம்பரக்கனிதான் கடைசியில் கண் கலங்கிச் சொன்னான்: "ரெண்டு பேரு கைவிட்டுட்டாங்கன்னா அது தப்பா? அதுக்கும் ஒரு வாழ்வு வேண்டாமா?" எல்லாரும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு உள்ளே போனார்கள்.

அண்ணாச்சி சாவியை நீட்டி, "மாப்ள ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்க" என்றார் சாதாரணமாக.

ஆவுடையப்பன் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். கல்யாணத்துக்கு முன்னால் தொட்டுப் பார்ப்பதா, என்ன குடும்பம் இது என்று கேட்டே விட்டார். தவசிக்கு உள்ளுக்குள் ஆசைதான். ஹாண்டிலையாவது ஒரு தடவை பிடித்துப் பார்க்கலாம் என்று விரலை நீட்டினான். சித்தப்பா முறைத்ததில் விரலை மடக்கிக்கொண்டான். பிடித்திருக்கிறதா என்று அண்ணாச்சி கேட்டதற்கு, ஊருக்குப் போய்க் கடுதாசி போடுகிறோம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள். கடுதாசி போய்ச் சேர ஐந்து நாள் ஆயிற்று. நாளோ ஓடிக்கொண்டிருந்தது.

ஆனி மாசக் கடைசி முகூர்த்தத்தில் காரியத்தை முடித்தார்கள். அண்ணாச்சி கேட்ட விலையைப் பரிசப் பணம் என்று தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்தார்கள். அவர் ஒரு ஹெல்மெட்டைச் சும்மா கொடுத்தார். சீர் குறைவுதான், இருந்தாலும் பரவாயில்லை என்று வாங்கிக்கொண்டார்கள். வண்டி இரண்டே உதையில் கிளம்பியது. முகூர்த்தத்தில் பெண் இப்படிச் சத்தம் போடுவது நன்றாக இல்லை என்று உடனே அணைத்துவிட்டார்கள். பிறகு நாதஸ்வரம் முன்னால் போக, பதினாலு கிலோமீட்டரும் தள்ளிக்கொண்டே வந்தார்கள்.

வீட்டு வாசலில் ஒரு சிக்கல். வலது காலை எடுத்து வைத்து உள்ளே வர வேண்டும். வண்டிக்கோ முன்னால் ஒரு சக்கரம், பின்னால் ஒரு சக்கரம், இதில் வலது எது? முன்சக்கரம்தான் வலது என்றார் ஆவுடையப்பன். அப்படியென்றால் பின்சக்கரம் இடதா, இரண்டும் ஒரே கோட்டில் அல்லவா இருக்கிறது என்றான் கொம்பையா. ஆரத்தித் தட்டுச் சூடம் அணைந்துபோகும் வரைக்கும் வழக்கு நடந்தது. வண்டியை வலது பக்கமாகப் படுக்க வைத்துத் தூக்கிக்கொண்டு போய்விடலாம் என்று கடைசியில் தீர்ப்பாயிற்று. வலது கண்ணாடி நிலைப்படியில் இடித்து உடைந்தது. திருஷ்டி கழிந்தது என்று எல்லாருக்கும் சந்தோஷம்.

புதுப்பெண்ணை வந்ததும் வேலை வாங்கக் கூடாது என்று இரண்டு நாள் வண்டியைக் கூடத்தில் நிறுத்தி வைத்தார்கள். தவசி வெளியே நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். மூன்றாம் நாள்தான் பழக விட்டார்கள். இரண்டு காலும் தரையில் ஊன்ற வேண்டும் என்ற காத்தமுத்துவின் பேச்சை அவன் மறக்கவில்லை. வண்டிமேல் உட்கார்ந்து, இரண்டு காலாலும் நடந்தே ஊரை மூன்று சுற்றுச் சுற்றி வந்தான். ஒரு இடத்திலும் விழவில்லை. பெட்ரோலும் ஒரு சொட்டுக் குறையவில்லை. "எனக்கு ஓட்ட வந்துட்டு மச்சான்!" என்று கொம்பையாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். இந்த வேகத்தில் காலையில் மூன்று மணிக்குக் கிளம்பினால் எட்டுக்குள் டவுன் போய்விடலாம் என்று கணக்கும் போட்டாயிற்று.

மறுநாள் காலையில் சிதம்பரக்கனி நாள்காட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்தான். அவன் முகத்தில் ரத்தமே இல்லை.

"நாளைக்கு ஆடி பொறக்கு. புதுசாக் கட்டுன பொண்ணு இன்னும் இங்கயே இருக்கு."

ஊரே திடுக்கிட்டது. ஆடி மாசம் புதுப்பெண் தாய்வீட்டில் அல்லவா இருக்க வேண்டும்! தவசி திண்டாடிப் போனான். வண்டி போய்விட்டால் நான் எதில் வேலைக்குப் போவேன், ஒரு நாள், ஒரே ஒரு நாள் மட்டும் இருக்கட்டும் என்று சித்தப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினான்.

"வேலை போனா வேற வேலை வரும்டா. ஆடியில சேந்து இருந்தான்னு பேரு வந்தா, அது போகுமா?"

தவசி துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதான். அழுதுகொண்டே வண்டியைத் தள்ளினான். மற்ற மூவரும் பின்னால் வந்தார்கள். டவுனுக்கு வந்து சேர்ந்தபோது விளக்கு வைக்கிற நேரம்.

வண்டியைக் கண்டதும் யாக்கோபு அண்ணாச்சி இரண்டு கையையும் விரித்து, வித்த வண்டியைத் திருப்பி எடுக்க மாட்டேன் என்றார். திருப்பித் தரவில்லை, ஆடிக்கு மட்டும் விட்டுவிட்டுப் போகிறோம், ஆவணி பிறந்ததும் வந்து கூட்டிப்போகிறோம் என்று ஆவுடையப்பன் விளக்கினார். காசைக் கேட்காமல் விட்டார்களே என்ற நிம்மதியில் அண்ணாச்சி சரி சரி என்று வண்டியை உள்ளே விட்டுப் பூட்டினார். மற்றவர்கள் கடைசி பஸ்ஸுக்கு ஓடினார்கள். தவசி மட்டும் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். எதிர்சாரியில் பஞ்சாலை விளக்கு எரிந்தது. அதைப் பார்க்கப் பார்க்க அவனுக்குத் தாங்கவில்லை. பஸ் போய்விட்டது.

அண்ணாச்சிக்கு இரக்கம் வந்தது. கடைக்காவலுக்கு இருந்த ஆள் வேறு போன வாரம் வேலையை விட்டு நின்றிருந்தான். வெளித் தாழ்வாரத்தில் படுத்துக்கொள்ளச் சொன்னார். ஆடியில் ஒரே கூரையா என்று தவசி தயங்கினான். நடுவில் தார்ப்பாயைத் திரை கட்டிக் கொடுத்த பிறகுதான் படுத்தான்.

காலையில் ஏழரைக்கு மில் சங்கு ஊதியது. தவசி எழுந்து முகம் கழுவி, வேட்டியைச் சரி செய்துகொண்டு, ரோட்டைத் தாண்டினான். ஏழே முக்காலுக்கு கேட்டுக்குள் நின்றது அவன் ஒருத்தன்தான்.

"பதினாலு கிலோமீட்டர்ல இருந்து முத ஆளா வந்துட்டியே, எதுல வந்த?" என்றார் சூப்பர்வைசர் ஆச்சரியத்தோடு.

"மாமனார் வீட்ல இருந்து நடந்துதான் வாரேன் சார்."

நீலச் சட்டை கொடுத்தார்கள். பையின் மேல் தவசிலிங்கம் என்று மஞ்சள் நூலில் இருந்தது. வண்டி வந்த ராசி என்று கோணப்பனையூரில் பொங்கல் வைத்தார்கள். ஆடி முழுக்க அங்கேயே இருந்து வேலைக்குப் போ என்று சித்தப்பா ஆள் அனுப்பினார். சம்பளம் இல்லாத காவல்காரன் கிடைத்ததில் யாக்கோபு அண்ணாச்சிக்கும் திருப்தி. "மாமா" என்று அவன் கூப்பிடுவதுதான் முதலில் ஒரு மாதிரி இருந்தது, போகப் போகப் பழகிவிட்டது.

ஆடி பாதியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஸ்டாலின் துரை என்று ஒரு டியூஷன் வாத்தியார் கடைக்கு வந்தார். அவரும் புதிதாகப் பழகுகிறவர்தான். போன வாரம் வந்து நின்ற இருபது வருஷத்துச் சின்ன வண்டி ஒன்றைக் காட்டி, இதை எடுத்துக்கொள்கிறேன், ஒரு தடவை ஓட்டிப் பார்க்கலாமா என்று கேட்டார். நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்த தவசி நீலச் சட்டையைச் சரி செய்துகொண்டு எழுந்தான்.

"கொழுந்தியாளை அப்படித் தூக்கிக் குடுத்துர முடியுமா? நீங்க என்ன பண்ணுதீங்க? குடிப்பழக்கம் உண்டா? வீட்டுப் பெரியாளுங்க யாரு?"

வாத்தியாருக்கு வேர்த்துவிட்டது. பீடிகூடப் பிடிப்பதில்லை என்றார். அப்பா அம்மாவை அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூட்டி வருகிறேன் என்று சொல்லிவிட்டு ஓடினார். வந்த கிராக்கி போய்விட்டதே என்று அண்ணாச்சி தலையில் அடித்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பா, அம்மா, அக்கா, அத்தான் சகிதம் அவர் வந்தே விட்டார். அண்ணாச்சி அவர்களைப் பார்த்தார். தவசியைப் பார்த்தார். எழுந்து உள்ளே போனார். வெகுநேரம் கழித்து அந்தச் சின்ன வண்டியை மெதுவாகத் தள்ளிக்கொண்டு வந்தார். ஹாண்டிலில் ஒரு முழம் மல்லிகைப்பூச் சுற்றியிருந்தது. ஸ்டாண்டு போட்டதும் முன்சக்கரம் தானாக ஒரு பக்கம் திரும்பி, ஹெட்லைட் தரையைப் பார்த்து நின்றது.

"ஹாண்டில் கோணலா?" என்று வாத்தியாரின் அப்பா சந்தேகத்தோடு கேட்டார்.

"சேச்சே, வெக்கப்படுதா" என்றார் யாக்கோபு அண்ணாச்சி.