ஏழு சுடர் கண்டவன்

விளக்குச் சுடர் ஒன்று ஏழாகத் தெரியத் தொடங்கியபோது தவசிமுத்து பயப்படவில்லை. கர்வப்பட்டான்.

தென்காசிக்கு மேற்கே மலையடிவாரத்தில் இருந்தது ஆவுடையம்மாளின் மடம். மடம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஓடு வேய்ந்த ஒரு கூடம், ஒரு சமையல்கட்டு, விரல் விட்டு எண்ணிவிடக்கூடிய சீடர்கள், அவ்வளவுதான். குருவுக்கே நாற்பது வயது ஆகவில்லை. ஆனாலும் அவரைவிட மூத்தவர்கள்கூட அவரை அம்மா என்றுதான் கூப்பிட்டார்கள்.

மாலையில் கூடத்தின் நடுவே ஒற்றைத் திரி விளக்கு ஏற்றுவார்கள். எல்லோரும் இமைக்காமல் சுடரைப் பார்ப்பார்கள். பிறகு கண்ணை மூடி, உள்ளங்கையின் அடிப்பாகத்தால் விழிகளை நன்றாக அழுத்துவார்கள். இருட்டுக்குள் பூப்பூவாக வெளிச்சம் வரும். மடத்தில் அதற்கு உள்ளொளி என்று பெயர். அம்மாவுக்கு அவருடைய குரு சொல்லிக் கொடுத்தது, அம்மா இவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தது. கடைசியில் ஒவ்வொருவரும் கண்டதைச் சொல்ல வேண்டும். அம்மா கேட்டுக்கொள்வார், பதில் சொல்ல மாட்டார்.

தவசிமுத்து எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாதவன். மற்றவர்கள் கண்ணை அழுத்தினால் அவன் பிசைந்து எடுப்பான். மாலையில் மட்டுமல்ல, மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போது, சாப்பாட்டுக்குக் காத்திருக்கும்போது என்று நேரம் காலம் இல்லாமல் பிசைவான். ஒரே வருஷத்தில் கண்ணாடியை இரண்டு முறை மாற்றிவிட்டான். அப்படியும் எழுத்துகளுக்குப் பின்னால் நிழல் விழுந்தது. அதை அவன் பொருட்படுத்தவில்லை. ஞானத்துக்கு வந்தவனுக்கு எழுத்து எதற்கு?

ஒருநாள் அவன் முறை வந்தபோது சொன்னான்.

“அம்மா, எனக்கு சுடர் ஏழாத் தெரியுது. கண்ணை மூடினா இல்ல, திறந்திருக்கும்போதே.”

சமையல் பார்க்கும் சங்கரபாண்டிதான் சீடர்களில் மூத்தவர். அவருக்கு உடம்பு புல்லரித்துவிட்டது.

“ஏழுன்னா ஏழு சக்கரம் அம்மா. அத்தனையும் திறந்திருச்சு,” என்றார்.

அம்மா வழக்கம்போல ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அன்று அவர் விளக்கையும் பார்க்கவில்லை. தவசிமுத்துவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு மடத்தில் அவன் மதிப்பு ஏறியது. தோசையில் முதல் தோசை அவனுக்குப் போனது. அவன் கண்ணைப் பிசைந்தால் பக்கத்தில் இருப்பவர்கள் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள்.

மறுவாரம் ஒரு மாலை அம்மா அவனைக் கூப்பிட்டார்.

“எய்யா தவசி, வெளிய வா.”

வாசலுக்கு அப்பால் பஞ்சாயத்து தெருவிளக்கு எரிந்துகொண்டிருந்தது.

“அது எத்தனை?”

தவசிமுத்து பார்த்தான். “ஏழு இருக்கும். ஒவ்வொண்ணுக்கும் வால் முளைச்சிருக்கு.”

“அந்தா வருற பைக்கு லைட்டு?”

“அதுவும் அப்படித்தான்.”

“சங்கரபாண்டி, இங்க வாரும். தவசி, இவரு முகத்தைப் பாத்துச் சொல்லு.”

தவசிமுத்து தயங்கினான். “அண்ணாச்சிக்கு மூக்கு ரெண்டு மூணாத் தெரியுது.”

“பஞ்சாயத்து பல்புக்கும் ஏழு சக்கரம் திறந்திருக்கு,” என்றார் அம்மா. “இவரு மூக்கும் முக்தி அடைஞ்சிருச்சு.”

சங்கரபாண்டி மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

“இப்போ ஒரு கண்ணைப் பொத்து.”

இடது கண்ணை மூடிப் பார்த்தான். எல்லாம் குழம்பிப் போய், விளக்கு கரைந்து வழிந்தது. வலது கண்ணை மூடினான். விளக்குகள் குறைந்து, கொஞ்சம் தெளிந்தன. ஞானம் கண்ணுக்குக் கண் வேறாக இருக்குமா? அவனுக்கு முதல் தடவையாகப் பயம் வந்தது.

அம்மாவின் முகமும் மாறியிருந்தது. கிண்டல் எல்லாம் போய்விட்டது.

“நாளைக்கு திருநெல்வேலி போறோம். கண் ஆஸ்பத்திரிக்கு,” என்றார்.

டாக்டர் பெயர் மெஹருன்னிசா. அவனுடைய தாடையை ஒரு கருவியில் வைக்கச் சொல்லி நெடுநேரம் பார்த்தார். வண்ண வண்ணமாக ஒரு வரைபடம் எடுத்தார். பிறகு நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்.

“கருவிழிக்கு முன்னால கண்ணாடி மாதிரி ஒரு படலம் இருக்கு. அது வழவழன்னு வளைஞ்சு நிக்கணும். உங்களுக்கு அது மெலிஞ்சு, கூம்பு மாதிரி முன்னால தள்ளிட்டு வருது. கெரட்டோகோனஸ்னு பேரு. அதான் ஒண்ணு பலதாத் தெரியுது. கண்ணைக் கசக்குவீங்களா?”

“கசக்க மாட்டேன் டாக்டர்,” என்றான் தவசிமுத்து. பிறகு நேர்மையாக, “அழுத்துவேன். அது எங்க பயிற்சி,” என்று செய்தும் காட்டினான்.

“கையை எடுங்க,” என்றார் டாக்டர்.

அவன் எடுத்தான்.

அம்மா கேட்டார்: “அதனாலயா வந்துச்சு?”

“அதனால மட்டும்தான்னு சொல்ல முடியாது. ஆனா இருக்கிற நோயை அது வேகமாக்கும். இனி அந்தக் கை கண்ணுகிட்டயே போகக்கூடாது.”

“இதுக்கு வைத்தியம்?”

“வைட்டமின் சொட்டு விட்டு, புற ஊதா வெளிச்சம் காட்டுவோம். படலம் இறுகி நிக்கும். முதல்ல வலது, அப்புறம் இடது.”

“குணமாகிருமா?” என்றான் தவசிமுத்து.

“போனது வராது. இதுக்கு மேல போகாம நிக்கும், பெரும்பாலும். பார்வைக்கு அப்புறமா கடினமான லென்ஸ் வச்சுப் பார்க்கலாம். தள்ளிப்போட்டா மெலிஞ்சுகிட்டே போகும். தழும்பு விழுந்துட்டா, வேற ஒருத்தர் கொடுத்த படலத்தை வச்சுத் தைக்கிற நிலைமைக்கும் வரலாம்.”

இருவரும் பஸ் ஏறி மடத்துக்குத் திரும்பினார்கள்.

அன்று மாலை விளக்கு ஏற்றியதும் அம்மா சொன்னார். “இனிமே இந்த மடத்துல யாரும் கண்ணை அழுத்த வேண்டாம். அது தப்பு. நான் சொல்லிக் கொடுத்த தப்பு.”

சங்கரபாண்டிக்குத் தாங்கவில்லை. “உங்க குரு சொல்லித் தந்தது அம்மா.”

“அவரு கண் டாக்டரைப் பாத்ததில்ல. நான் பாத்துட்டேன்.”

தவசிமுத்து சிகிச்சைக்கு நாள் குறிக்கவில்லை. கேட்டால் பார்க்கலாம் என்றான். உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தான். ஏழு சுடர் நோய் என்று ஆகிவிட்டது, சரி. அந்த நோயாவது போகும் என்றால் போய்ப் படுக்கலாம். அதுவும் போகாதாம். வலியை வாங்கிக்கொண்டு, இதே மங்கல் கண்ணோடு எழுந்து வர வேண்டுமாம். அவனுக்கு அது ஏமாற்று வேலையாகத் தோன்றியது. இருந்தும் கை கண்ணுக்குப் போகும்போதெல்லாம் பயம் வந்தது. பயத்தில் கண் இன்னும் அரித்தது.

ஒருநாள் காலை சமையல்கட்டுக்கு வந்தான். சங்கரபாண்டி கறிவேப்பிலை பறிக்கப் போயிருந்தார். அடுப்பில் பால் இருந்தது. அம்மா தரையில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

“அம்மா, ஒண்ணு கேக்கணும்.”

“கேளு.”

“குணமாகாத நோய்க்கு எதுக்கு வைத்தியம்?”

அம்மா எழுந்தார். அடுப்பைத் திருகிப் பெரிதாக எரியவிட்டார். மறுபடி உட்கார்ந்து அவரைக்காயை எடுத்தார்.

பால் நுரைத்து ஏறியது. விளிம்பைத் தொட்டது. பொங்கி அடுப்பில் வழிந்தது. தவசிமுத்து பாய்ந்தான். அம்மா எட்டி அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“விடுங்கம்மா, பால் போகுது.”

“போகட்டும். கொட்டினது திரும்பி வரவா போகுது?”

“அதுக்கு? மிச்சப் பால் இருக்கே!”

கையை உதறிக்கொண்டு போய் அடுப்பை அணைத்தான். பாத்திரத்தில் பாதிக்கு மேல் இருந்தது. அவன் அதைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றான்.

அம்மா துணியை அவன் தோளில் போட்டார்.

“அடுப்பைத் துடை. டாக்டரம்மா போன் நம்பர் தூண்ல எழுதியிருக்கேன்.”

கறிவேப்பிலையோடு வந்த சங்கரபாண்டி வாசலிலேயே நின்றுவிட்டார். “யாரு பாலைப் பொங்கவிட்டது?”

“நான்தான்,” என்றார் அம்மா. “இன்னிக்கு எனக்குக் காப்பி வேண்டாம்.”

சிகிச்சை வலது கண்ணுக்கு முதலில் நடந்தது. சொட்டு மருந்து மஞ்சளாக இருந்தது. பிறகு அந்த ஊதா வெளிச்சத்தின் கீழே அசையாமல் படுத்திருந்தான். அதில் காட்சி எதுவும் தேட வேண்டியிருக்கவில்லை. வெளிச்சம் பாட்டுக்கு வேலை செய்தது, அவன் சும்மா கிடந்தான். இத்தனை காலத் தியானத்தில் அவ்வளவு சும்மா அவன் கிடந்ததே இல்லை.

அடுத்த சில நாட்கள் நரகம். கண்ணில் மிளகாய்த் தூளைக் கொட்டினாற்போல எரிந்தது, தண்ணீராகக் கொட்டியது. ஜன்னலைச் சாத்திவிட்டுக் கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தான். கை கண்ணுக்குப் போகாமல் இருக்க அம்மா அவனுக்கு வேலை கொடுத்தார். ஒரு கூடை நிலக்கடலையைக் கொண்டுவந்து வைத்து உரிக்கச் சொன்னார். உரித்து முடித்ததும் இன்னொரு கூடை வந்தது. மடத்தில் அந்த மாதம் முழுக்கக் கடலைச் சட்னிதான். பிறகு இடது கண்ணுக்கும் அதே சொட்டு, அதே வெளிச்சம், அதே கடலை.

மாதங்கள் போயின. மறுபரிசோதனையில் டாக்டர் பழைய வரைபடத்தையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“நின்னுருச்சு,” என்றார். “அப்படியே நிக்குது. வருஷா வருஷம் வந்து காட்டணும். கண்ணைத் தொடக்கூடாது.”

தவசிமுத்து அந்தச் சொல்லை பஸ்ஸில் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டான். நின்றுவிட்டது. அவன் வாழ்க்கையில் அதைவிட நல்ல செய்தி கேட்டதில்லை.

லென்ஸ் லேசில் பழகவில்லை. சின்னதாக, கடினமாக இருந்தது. முதலில் கண்ணில் மணல் விழுந்தாற்போல உறுத்தியது. ஒருதரம் விரலிலிருந்து நழுவி விழுந்துவிட, மடமே தரையில் தவழ்ந்து தேடியது. பொறுமையாகப் பழகினான். ஒருநாள் காலை இரண்டு கண்ணிலும் சரியாக உட்கார்ந்தது. நிமிர்ந்து பார்த்தான். எதிரே சங்கரபாண்டி நின்றார்.

“அண்ணாச்சி, உங்க மூக்கு ஒண்ணுதான்.”

“அதைச் சொல்ல இவ்வளவு நாளா ஆச்சு?”

“பெருசு. ஆனா ஒண்ணுதான்.”

தவசிமுத்துவுக்கு அழுகை வந்துவிட்டது. லென்ஸ் போய்விடுமோ என்று அதையும் அடக்கிக்கொண்டான்.

அன்று மாலை விளக்கு ஒன்றாகத்தான் எரிந்தது. சின்னச் சுடர். நுனி லேசாக ஆடியது. அதைப் பார்த்துக்கொண்டிருப்பதில் அவனுக்கு அலுப்பே வரவில்லை.

ஆனால் தவசிமுத்து எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாதவன் அல்லவா? மடத்துக்கு யார் வந்தாலும் பிடித்து உட்காரவைத்து அம்மாவின் பெருமையைச் சொல்லத் தொடங்கினான். அம்மா ஒரு பார்வை பார்த்தார், என் கண்ணுக்குள் இருந்த நோயைக் கண்டுகொண்டார் என்றான். சங்கரபாண்டி அதில் இன்னும் கொஞ்சம் நெய் ஊற்றினார். ஆஸ்பத்திரிக் கருவிக்கு முன்னாலேயே அம்மாவுக்குத் தெரியும் என்றார். கடையநல்லூரிலிருந்தும் செங்கோட்டையிலிருந்தும் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். கண்ணில் புரை விழுந்தவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் அம்மா முகத்துக்கு நேரே கண்ணைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். அம்மா அவர்களைப் பஸ்ஸில் ஏற்றி திருநெல்வேலிக்கு அனுப்பினார். அதையும் அம்மாவின் அருள்வாக்கு என்று சொல்லிக்கொண்டார்கள்.

ஒரு மாலை, கூடம் நிறைய ஆட்கள் இருந்தார்கள். தவசிமுத்துவின் முறை வந்தது.

“நான் கண்டதைச் சொல்லுதேன்,” என்றான். “அம்மாவோட ஞானதிருஷ்டியைக் கண்டேன்.”

கூடத்தில் பலர் கை கூப்பினார்கள்.

சீடர்கள் கண்டதைச் சொல்லும் வேளையில் அம்மா பேசியதே இல்லை. அன்று பேசினார்.

“அப்படி ஒண்ணும் எனக்கு இல்லப்பா.”

“அடக்கத்துல சொல்லுதிய. என்னை வெளிய கூட்டிட்டுப் போயி, தெருவிளக்கைக் காட்டி, ஒரு நிமிஷத்துல கண்டுபிடிச்சியளே. அது ஞானதிருஷ்டி இல்லாம வேற என்னம்மா?”

“பொறாமை,” என்றார் அம்மா.

கூப்பிய கைகள் அப்படியே நின்றன.

“எனக்கு இத்தனை வருஷமா ஒரு சுடர்தான் தெரியுது. நேத்து வந்த உனக்கு ஏழு தெரியுதுன்ன. ஒரு வாரம் எனக்குச் சோறு இறங்கலை. நீ பொய் சொல்லுத, எல்லாரு முன்னாலயும் கையும் களவுமாப் பிடிக்கணும்னுதான் அன்னிக்கு உன்னை வெளிய கூட்டிட்டுப் போனேன்.”