ஒரே நிறமான நானூறு இலைகள்

மலை அணில் சாமந்திக்கு அன்று கால் தரையில் பாவவில்லை. காட்டுச் சபையே அவளுடைய குகையைப் பார்க்க வந்திருந்தது!

அது சாதாரணக் குகை இல்லை. மழைக்காலத்தில் கல்லாறு பொங்கினால், எத்தனையோ குட்டிகள் தாயைப் பிரிந்து தவிக்கும். அவற்றைக் கரை சேர்த்து, நல்ல மனசுள்ள விலங்குகளிடம் வளர்க்கக் கொடுப்பார்கள். எந்தக் குட்டி, எங்கே கிடைத்தது, யாரிடம் வளர்கிறது என்று எழுதி வைக்கும் பதிவகம்தான் அந்தக் குகை. அதற்குச் சாமந்திதான் பொறுப்பு.

அந்த வருடம் வெள்ளம் பெரிது. நானூறு குட்டிகள்! சாமந்தி யோசித்து யோசித்து ஒரு திட்டம் போட்டாள். வாசலில் நின்ற வாதாம் மரத்தில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிறத்திலும் இலை இருந்தது. மான் குட்டிகளுக்குப் பச்சை இலை, பன்றிக் குட்டிகளுக்கு மஞ்சள், குரங்குக் குட்டிகளுக்குச் சிவப்பு! ஒவ்வோர் இலையிலும் பல்லால் கீறி விவரம் எழுதினாள். கீழே அந்தக் குட்டியையே ஒரு மிதி மிதிக்கச் சொன்னாள். அந்தத் தடம்தான் கையெழுத்து.

சபைத் தலைவி, பெருந்தேவி என்ற யானை, குகைக்குள் தலையை நீட்டிப் பார்த்தாள்.

"பன்றிக் குட்டிங்க எங்கம்மா?"

"இதோ, மஞ்சள் அடுக்கு!"

"மான் குட்டிங்க?"

"பச்சை அடுக்கு!"

"அடடா, கண்ணுக்கு எவ்வளவு குளிர்ச்சியா இருக்கு! நூத்துக்கு நூறு!" என்றாள் பெருந்தேவி. சாமந்தியின் கழுத்தில் காட்டுமல்லி மாலை விழுந்தது.

குகையில் இன்னொருவனும் வேலை பார்த்தான். உருளையன் என்ற எறும்புத்தின்னி. எழுதப் படிக்கத் தெரியாது. இலைகளில் கரையான் ஏறாமல் தின்று தீர்ப்பது அவன் வேலை. வேலைக்கு வேலையும் ஆச்சு, சாப்பாட்டுக்குச் சாப்பாடும் ஆச்சு! ஆனால் மகா கூச்சக்காரன். யாராவது குரலை உயர்த்தினால் போதும், சுருண்டு பந்தாகிவிடுவான்.

பத்து நாள் கழித்து அவன் மெல்ல வாயைத் திறந்தான்.

"அக்கா, பச்சை இலை எல்லாம் கொஞ்சம் பழுக்குற மாதிரி இருக்கே..."

"சபையே நூறு மார்க் போட்டாச்சு! உனக்கென்ன? கரையானைப் பாரு!"

உருளையன் பந்தாகிவிட்டான். பாவம், அன்று முழுக்கப் பிரியவே இல்லை.

மழை ஓய்ந்தது. பனியும் போயிற்று. மாசி மாதத்தில் கல்லாற்றில் முழங்கால் தண்ணீர்தான் ஓடியது. ஒருநாள் காலையில் ஒரு சருகுமான் அக்கரையிலிருந்து இக்கரைக்கு ஓடிவந்தாள். சருகுமான் என்றால் முயலை விடக் கொஞ்சம்தான் பெரிது. அவள் பெயர் குறுமணி. வெள்ளத்தில் அக்கரைக்கு அடித்துச் செல்லப்பட்டவள், ஆறு எப்போது வடியும் என்று நான்கு மாதமாகக் கரையிலேயே காத்துக் கிடந்தாள்.

"என் பையன் பொட்டு... இடது காதுல வெள்ளைப் புள்ளி இருக்கும். வெள்ளைப் பாறைகிட்ட என்னை ஒட்டித்தான் நின்னான். ஒரு அலை வந்துது. திரும்பிப் பார்த்தா இல்ல. இங்க எழுதி வச்சிருக்கீங்களாமே?"

"கவலையே வேண்டாம்! மான் குட்டின்னா பச்சை. ஒரு நொடியில சொல்றேன்!" என்று சாமந்தி உள்ளே தாவினாள்.

தாவியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

பச்சை எங்கே? மஞ்சள் எங்கே? சிவப்பு எங்கே? நானூறு இலையும் காய்ந்து ஒரே பழுப்பாகக் கிடந்தன. போதாக்குறைக்கு, பனிக்காற்று புகுந்து அடுக்குகளையும் கலைத்திருந்தது.

பிறகு வாருங்கள் என்று அனுப்பவும் முடியாது. அன்றுதான் கூட்டங்கள் கோடைக்கு இடம் மாறும் நாள். பொழுது சாய்ந்ததும் புள்ளிமான்கள் மேட்டுக்காட்டுக்கும், மிளா மான்கள் மேற்குப் புல்வெளிக்கும், காட்டெருமைகள் கிழக்குப் பள்ளத்தாக்குக்கும் கிளம்பிவிடும். வளர்ப்புக் குட்டிகளும் கூடவே போய்விடும். குறுமணி எந்தப் பக்கம் ஓடுவாள்? அந்தச் சின்னக் கால்களால் ஒரு பக்கம்தான் ஓட முடியும்.

"நீங்க வெளியிலேயே இருங்க. பதிவகத்துக்குள்ள யாரும் வரக் கூடாது" என்றாள் சாமந்தி.

இலைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் படித்தாள். அவசரப்பட்டால் நொறுங்கின. ஓர் இலை நுனி உதிர்ந்ததும் அவளுக்கு உயிரே போய்விட்டது. அது யார் வீட்டுக் குட்டியோ! உச்சிப்பொழுது வந்தது. இன்னும் முந்நூறு இலை பாக்கி.

வாசலில் குறுமணி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அழுகையை அடக்கிக்கொண்டு தனக்குத்தானே பேசினாள். "இடி இடிச்சா பயப்படுவான். யாராவது பக்கத்துல படுத்துக்கிட்டிருப்பாங்க... நிச்சயம் படுத்துக்கிட்டிருப்பாங்க."

அதைக் கேட்கக் கேட்க சாமந்திக்கு எழுத்து மங்கியது. கண்ணீர்தான் மறைத்தது.

அப்போது மூலையில் சுருண்டு கிடந்த உருளையன் பந்திலிருந்து மூக்கை மட்டும் வெளியே நீட்டினான்.

"அக்கா, திட்ட மாட்டீங்களே?"

"சொல்லு உருளையா! சீக்கிரம்!"

"எல்லாக் குட்டியும் இலையை மிதிச்சுதில்ல? நிறம் போயிருக்கலாம். வாசனை போயிருக்காது. அந்த அம்மாவை உள்ள விட்டா என்ன?"

சாமந்தி ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "உள்ள வாங்கம்மா!" என்று கத்தினாள்.

குறுமணி மூக்கைத் தாழ்த்தி இலைகளுக்கு நடுவே நடந்தாள். ஒரு வரிசை. இரண்டு வரிசை. மூன்றாவது வரிசையின் கோடியில் நின்றாள். ஓர் இலையின் மேல் மெதுவாக முகத்தை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"இதான்" என்றாள். "இதான் என் பிள்ளை."

சாமந்தி படித்தாள். சருகுமான் குட்டி. இடது காதில் வெள்ளைப் புள்ளி. வெள்ளைப் பாறையடியில் கிடைத்தது. வளர்ப்பது புள்ளிமான் பூவரசி.

"மேட்டுக்காடு! ஓடுங்கம்மா, ஓடுங்க!"

குறுமணி கீழே ஓடினாள். சாமந்தி மரத்துக்கு மரம் தாவி வழி காட்டினாள். அவர்கள் போய்ச் சேர்வதற்குள் பொழுது சாய்ந்து, புள்ளிமான் கூட்டம் மேடு ஏறத் தொடங்கிவிட்டது. கடைசியாகப் போன மானின் காலடியில் ஒரு சாண் உயரத்தில் ஒரு குட்டி.

"பொட்டு!"

குட்டி திரும்பியது. முதலில் மருண்டது. காற்றை ஒருமுறை முகர்ந்தது. அவ்வளவுதான்! பாய்ந்து வந்து தாயின் வயிற்றுக்கடியில் புகுந்துகொண்டது.

பூவரசி கண் கலங்கச் சிரித்தாள். "இடி இடிச்சா பயப்படுவான். நான் பக்கத்துலயே படுத்துப்பேன். இவ்வளவு நாள் என் பிள்ளை. இனிமே நம்ம பிள்ளை."

மரத்தின் மேலே சாமந்தி வாலால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

மறுநாள் விடிந்ததும் அவள் பெருந்தேவியிடம் போனாள். "அந்த நூறு மார்க்கை எடுத்துக்குங்க. எனக்கு அது சேராது."

நடந்ததைக் கேட்ட பெருந்தேவி பெருமூச்சு விட்டாள். "தப்பு என் மேலயும் இருக்கு. எழுதி முடிச்ச அன்னைக்கே வந்து மார்க் போட்டேன். நாலு மாசம் கழிச்சு வந்து பார்த்தேனா? தேடி வந்தவங்க யாரையாவது கேட்டேனா?"

சாமந்தி புதிதாகத் திட்டம் போட்டாள். இந்த முறை குறுமணியையும் உருளையனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு போட்டாள். தொலைத்தவர்களுக்குத் தெரிவது தொலைத்த இடம்தானே? அதனால் கிடைத்த இடத்தை வைத்து மாடங்கள் பிரித்தார்கள். வெள்ளைப் பாறை மாடத்தின் முன் வெள்ளைக் கல். நாவல் தோப்பு மாடத்தின் முன் நாவல் கொட்டை. இலைக்குப் பதில் களிமண் வில்லை. பழைய விவரங்களை அதில் மாற்றி எழுதி, குட்டிகளை மறுபடி மிதிக்கச் சொல்லிக் காய வைத்தார்கள்.

"உருளையா, அன்னைக்கே நீ சொன்னே. நான் கேட்டிருக்கணும்" என்றாள் சாமந்தி.

உருளையன் பந்தாகிவிட்டான். இந்த முறை வெட்கத்தில்!

அடுத்த மழைக்கு முன்னால், சொல்லாமல் கொள்ளாமல் ஒரு மத்தியானம் குறுமணி ஓடிவந்தாள். சாமந்தி காலில் முள் தைத்து மரத்திலேயே படுத்திருந்தாள். குகையில் உருளையன் மட்டும்தான்.

"ஐயோ, வெள்ளைப் பாறைகிட்ட என் பிள்ளையைக் காணோம்!"

உருளையன் பதறிப்போய் வெள்ளைக் கல்லைத் தேடி ஓடினான். அந்த மாடத்தில் மொத்தமே ஆறு வில்லைதான். முகர்ந்தான், பொட்டுவின் வாசனை வந்த ஒன்றை எடுத்தான், கொண்டுவந்து நீட்டினான். ஒரு நெல்லிக்காய் தின்னும் நேரம்கூட ஆகவில்லை!

"நான் இங்கதான் இருக்கேன்!" என்று குறுமணியின் பின்னாலிருந்து பொட்டு குதித்தான்.

மரத்தின் மேலிருந்து சாமந்தி எட்டிப் பார்த்தாள். "சோதிச்சுப் பார்க்க வந்தீங்களா? எத்தனை மார்க்கு?"

"மார்க்கு போட எனக்குத் தெரியாதும்மா" என்றாள் குறுமணி. "அன்னைக்கு மட்டும் இது இப்படி இருந்திருந்தா, நான் அரை நாள் வாசல்ல உட்கார்ந்து அழுதிருக்க மாட்டேன்."

சாமந்தி நொண்டிக்கொண்டே இறங்கி வந்து, அந்த வில்லையைப் பத்திரமாக மாடத்தில் திருப்பி வைத்தாள்.

எதை எழுதி அடுக்கி வைத்தாலும், என்றாவது ஒருநாள் அதைத் தேடிப் பதறி ஓடிவரப் போகிறவரை மனதில் வைத்தே அடுக்க வேண்டும்.