திரையில் காணாமல் போன மாப்பிள்ளை

கோணம்பட்டிக்காரர்கள் சொன்ன சொல்லைத் தட்டமாட்டார்கள். அவர்களிடம் உள்ள ஒரே கோளாறு அதுதான். "இருங்க, இந்தா வந்துர்றேன்" என்று ஒரு வளையல்காரர் போன வருஷம் சொல்லிவிட்டுப் போனார். ஓர் ஆள் இன்னும் வேப்பமரத்தடியில் இருக்கிறார். அவருக்குச் சாப்பாடு வீட்டிலிருந்து போகிறது.

அந்த ஊரில் தவசிக்கும் நாகஜோதிக்கும் கல்யாணம். ஆனி மாதத்துக் கடைசி முகூர்த்தம். பத்தரை தாண்டிவிட்டால் அப்புறம் ஆடி, கல்யாணப் பேச்சே எடுக்க முடியாது. "நேரத்துல தாலி ஏறிடணும்" என்று பெண்ணின் அப்பா கருத்தப்பாண்டி காலையிலிருந்தே கலங்கிப்போய்த் திரிந்தார்.

படம் பிடிக்க டவுனிலிருந்து சகாயம் வந்திருந்தார். கையோடு பெரிய எல்.சி.டி. திரை ஒன்றும் கொண்டுவந்து வாசல் பந்தலில் மாட்டினார். மண்டபத்துக்குள் மேடையில் நடப்பது பந்தலில் இருப்பவர்களுக்கும் தெரியுமாம்.

தவசியின் அண்ணன் ஒச்சப்பன் ஊரிலேயே விவரமான ஆள். அவர் திரைக்குப் பின்பக்கம் போய் எட்டிப் பார்த்தார்.

"ஏம்ப்பா, பழைய டிவின்னா பின்னாடி பானையாட்டம் இருக்கும். உள்ள ஆளுக உக்கார இடம் இருந்துச்சு. இது அப்பளமாட்டம் இருக்கே, மூச்சு முட்டாதா?"

"அந்தப் பழைய டிவிப் படக்குழாயெல்லாம் போயிருச்சுண்ணே. இதுல பின்னாடி வெளிச்சம், முன்னாடி திரவப் படிகம். உங்க கால்குலேட்டர், மளிகைக் கடைத் தராசு எல்லாத்துலயும் இதுதான். முன்னெல்லாம் சாய்ஞ்சு பார்த்தா மங்கலாத் தெரியும். இப்ப எங்கிட்டு இருந்து பார்த்தாலும் பளிச்சுன்னு இருக்கும்."

உடனே பாதிச் சொந்தக்காரர்கள் நாற்காலியைப் பக்கவாட்டில் போட்டுக்கொண்டார்கள். ஒச்சப்பன் மட்டும் 'திரவம்' என்ற இடத்திலேயே நின்றுவிட்டார். சொட்டினால் வீணாகக் கூடாது என்று திரைக்குக் கீழே ஒரு சட்டியை வைத்தார்.

முகூர்த்தம் நெருங்கியது. மேடையில் ஒரே கூட்டம். சகாயம் கத்தினார்: "கேமராவை மறைக்காதீங்க! கல்யாணத்தை நல்லாப் பார்க்கணும்னா எல்லாரும் பந்தலுக்குப் போய்த் திரைக்கு முன்னாடி உக்காருங்க!"

எல்லோரும் போனார்கள். தவசியும் போனான். தன் கல்யாணத்தை நல்லாப் பார்க்க அவனுக்கு ஆசை இருக்காதா? மாலையும் கழுத்துமாக முதல் வரிசையில் உட்கார்ந்தான்.

திரையில் நாகஜோதி தலைகுனிந்து வந்து மணையில் உட்கார்ந்தாள். பக்கத்தில் பூசாரி. இன்னொரு மணை காலி.

"அடடா, என்ன துல்லியம்!" என்றான் தவசி. "ஆமா, மாப்பிள்ளை எங்க?"

கருத்தப்பாண்டி நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயையோ, மோசம் போயிட்டேனே! எம் பொண்ணை மணையில உக்கார வச்சுட்டு ஓடிட்டானே!"

"அழாதீங்க மாமா," என்று தவசி அவர் தோளைத் தட்டினான். "நானாச்சு. எங்க போயிருவான்?"

ஆள் அடையாளம் தெரியவேண்டுமே. மணமக்கள் படம் போட்டு வாசலில் வைத்திருந்த ஃபிளக்ஸ் முன்னால் எல்லோரையும் கூட்டிப்போனான்.

"நல்லாப் பார்த்துக்கங்க. சுருட்டை முடி, தொங்கு மீசை. முழியே சரியில்ல. பார்த்தாலே தெரியுது, ஓடுற ஆளுதான்."

"எனக்கு இந்த மூஞ்சி எங்கயோ பழக்கமாத் தெரியுது," என்றார் ஒச்சப்பன்.

"பஸ் ஸ்டாண்டுல பார்த்திருப்பீங்கண்ணே. வாங்க, தேடுவோம்."

சமையல்கட்டில் தேடினார்கள். வைக்கோல் படப்பைக் கிளறினார்கள். கிணற்றுக்குள் தவசியே குனிந்து பார்த்து, "இங்க இருக்கான்! மாலையோட இருக்கான்!" என்று கூவினான். கயிறு விட்டார்கள். கிணற்றுக்குள் இருந்தவன் கயிற்றைப் பிடிக்கவே இல்லை.

"பிடிவாதக்காரன். விட்டுத் தள்ளுங்க," என்றார் ஒச்சப்பன்.

இதற்குள் சகாயம் மூச்சிரைக்க ஓடிவந்தார். தவசி அவர் சட்டையைப் பிடித்தான்.

"யோவ், எங்க மாப்பிள்ளையை உன் பொட்டியில எங்கய்யா ஒளிச்சு வச்சிருக்க?"

"யப்பா சாமி, இன்னும் அஞ்சே நிமிஷம்தான் இருக்கு! நீ போய் அந்த மணையில உக்காருய்யா!"

"நானா?" தவசிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அடுத்தவன் மணையில நான் உக்காரலாமா? ஊரு என்ன பேசும்?"

ஒச்சப்பன் கண்ணை மூடி யோசித்தார். "தம்பி, நீயும் மாலை போட்டிருக்க. பட்டு வேட்டி கட்டியிருக்க. அந்தப் பொண்ணு பாவம்டா."

கருத்தப்பாண்டி கையெடுத்துக் கும்பிட்டார். "என் மானத்தைக் காப்பாத்துங்க தம்பி!"

தவசியின் கண்ணில் நீர் கோத்தது. "சரி மாமா. எவனோ செஞ்ச தப்புக்கு அந்தப் பிள்ளை ஏன் கஷ்டப்படணும்? நான் கட்டிக்கிறேன்."

மேடைக்கு ஓடினான். கெட்டிமேளம் கொட்டியது. திரையில் தவசி தாலி கட்டுவதைப் பார்த்த பந்தல், "நம்ம தவசிக்கு எம்புட்டுப் பெரிய மனசு!" என்று அழுதபடியே அட்சதையைத் திரைமேல் வீசியது. அத்தனையும் ஒச்சப்பன் வைத்த சட்டியில் விழுந்தது. "பார்த்தியா, சொட்டுது," என்றார் அவர்.

மேடையில் நாகஜோதி மெல்லத் தலை நிமிர்ந்தாள்.

"ஏங்க, ஓடிப்போனவரு பேரு என்னங்க?"

"தவசியாம்."

"உங்க பேரு?"

"தவசிதான்."

நாகஜோதி பெருமூச்சு விட்டாள்.

"நல்லவேளைங்க. ஃபிளக்ஸுல பேரை மாத்த வேண்டாம். போட்டோவை மட்டும் மாத்திருவோம்."