நாக்கில் வைக்காத சோப்பு

கோபத்தோடுதான் இந்தப் புதிரைப் போடுகிறேன். விடை சொல்லப்போகிற நீங்கள் நடுநிலையாக இருங்கள். நான் இருக்கப்போவதில்லை.

தாமிரபரணிப் பக்கத்து ஊர் ஒன்றில் ஜுலைகா வீட்டிலேயே சோப்பு செய்கிறாள். அவள் மகளுக்குச் சின்ன வயதில் கரப்பான் படை வந்து, கடைச் சோப்பு பட்டாலே சொறிந்து ரத்தம் வரும். தேங்காயெண்ணெயும் காஸ்டிக் காரமும் வெட்டிவேர்ப் பொடியும் கலந்து இவளே செய்யக் கற்றுக்கொண்டாள். மகளின் தோல் ஆறியது. அன்று ஒரு நேர்ச்சை வைத்தாள்: ரமலான் பெருநாள் காலையில் தெருப் பிள்ளைகள் எல்லாம் தன் சோப்பில்தான் குளிக்க வேண்டும், காசு வாங்கக் கூடாது. பெருநாள் விடியலில் வீட்டுக்கு வீடு வெட்டிவேர் மணக்கும். வாசலில் நின்று மகளோடு அதை மோந்து பார்ப்பதுதான் அவளுக்குப் பெருநாள். பிரியாணிகூட அதற்கு அப்புறம்தான்.

வார்த்த சோப்பில் காரம் அடங்க நாளாகும். அடங்கிவிட்டதா என்று பார்க்க அவளுக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்று. கட்டியை நாக்கு நுனியில் வைப்பாள். சுரீர் என்றால் காயவைக்கும் பலகைக்கே திரும்பிப் போகும்.

கணவன் அசன்கனி பக்திமான். நோன்பு மாதம் முழுக்கப் பள்ளிவாசல் கஞ்சி அண்டா அவர் பொறுப்பு. சாயங்கால அசர் தொழுகை முடிந்ததும் கரண்டியிலிருந்து ஒரு சொட்டை நாக்கில் வைத்து உப்பு பார்த்துவிட்டுத் துப்புவார். "தேவைக்குப் பார்த்துத் துப்பினா நோன்பு முறியாதுப்பா" என்று ஊருக்கே விளக்கம் சொல்வார்.

பக்கத்து வீட்டு ஷம்சத், ஜுலைகாவின் தம்பி மனைவி. சோப்பு வேலைக்குத் துணை. ஒரு வருஷம் கடைசி நோன்பன்று அவளுக்கு மாதவிலக்கு. அந்த நாட்களில் பெண்ணுக்கு நோன்பு இல்லை என்று மார்க்கமே சொல்லியிருக்கிறது. இருந்தும் ஆண்கள் எதிரில் ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல், நோன்பாளி போலவே அன்று முழுக்க நடமாடினாள்.

ஆறின சோப்பெல்லாம் தெருவுக்குப் போய்விட்டது. அவசரத்தில் வார்த்த ஒரு பலகை மட்டும் மிச்சம். ஜுலைகா குர்ஆன் ஓதும் வீட்டுக்குக் கிளம்பும்போது கணவனிடம் சொன்னாள்: "இந்தப் பலகைச் சோப்பை நாக்குல வச்சுப் பாக்காம ஒருத்தருக்கும் குடுத்துராதீங்க." அடுக்களையில் ஷம்சத்தின் காதோரம் சொன்னாள்: "உனக்குத்தான் நோன்பு இல்லையே. யாராச்சும் அவசரமா கேட்டா நீ பாத்துக் குடு."

அசன்கனி உப்பு பார்த்துவிட்டு வீடு திரும்பிய நேரம், எதிர்வீட்டு ஹமீதா கைக்குழந்தையோடு வாசலில் வந்து நின்றாள். பெருநாளைக்கு மாமியார் ஊருக்குப் புறப்பட்டவள்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சு அண்ணே. புள்ளைக்கு நேர்ச்சைச் சோப்பு ஒண்ணு தாங்க."

அசன்கனி கட்டியை எடுத்தார். உள்ளேயிருந்து வந்த ஷம்சத்தைப் பார்த்தார். ஹமீதாவின் புருஷனும் தெருவில் பையோடு நிற்கிறான்.

"நாக்குல வச்சுப் பாக்கணுமாம். எனக்கு நோன்பு. ஏம்மா, உனக்கும் நோன்புதானே?"

இரண்டு ஆண்கள் நடுவில் ஒரு பெண்ணிடம் கேட்கிற கேள்வியா இது? கொஞ்சமாவது புத்தி வேண்டாமா? ஷம்சத் தலையைக் குனிந்துகொண்டு, "நோன்புதாண்ணே" என்றாள்.

அவர் கட்டை விரலால் அழுத்திப் பார்த்தார். "கல்லு மாதிரி இருக்கு. அல்லாஹ் பாத்துக்குவான்" என்று கொடுத்துவிட்டார். நோன்பு திறந்து கஞ்சி குடித்து எழும்போதே பெருநாள் பிறை தெரிந்துவிட்டது. அந்த ஆரவாரத்தில் பலகையை எல்லாரும் மறந்தார்கள், ஓதிவிட்டு வந்த ஜுலைகாவும்தான்.

பெருநாள் சாயங்காலமே ஹமீதா திரும்பி வந்துவிட்டாள். குழந்தையின் முதுகு முழுக்கச் சிவந்து தடித்திருந்தது. மெல்லிய துணி பட்டாலும் வீறிட்டது. "ஒங்க நேர்ச்சை என் புள்ளை முதுகுலயா லாத்தா?" என்று ஜுலைகாவிடம் கேட்டாள்.

ஜுலைகா ஆடிப்போனாள். "என் கைச் சோப்பு, என் தப்பு. பலகையைப் பூட்டிட்டுப் போயிருக்கணும்" என்று அழுதாள். ஷம்சத் நடந்ததை எல்லாம் சொல்லி, "பொய் சொன்னவ நான்" என்றாள். அசன்கனிக்கு அது போதாதா? "கேட்டீங்களா! நோன்பே இல்லாதவ நோன்புன்னு சொல்லியிருக்கா! நான் நோன்பாளி, என் நாக்குல சோப்பை எப்படி வைப்பேன்?" என்று தெரு கேட்கக் கத்தினார்.

செய்தவள், பொய் சொன்னவள், கொடுத்தவர். இந்த மூவரில் அந்தப் பிள்ளையின் முதுகுக்கு முதலில் பதில் சொல்ல வேண்டியவர் யார்?

விடை: அசன்கனி. ஷம்சத்திடம் குற்றமே இல்லை என்று நான் சொல்லவில்லை. கட்டியை உள்ளே கொண்டுபோய்ப் பார்த்திருக்கலாம். ஆனால் அவள் பொய், கேட்கக் கூடாத கேள்விக்கு வந்த பொய். ஜுலைகாவும் மறந்தாள்தான், ஆனால் சொல்லிவிட்டுப் போனாள். அசன்கனியோ சோப்பு கொடுத்த அதே சாயங்காலம் கஞ்சிக்கு நாக்கை நீட்டிவிட்டு வந்தவர். தேவைக்கு வைத்துத் துப்பலாம் என்று அவரைவிட நன்றாக அந்தத் தெருவில் யாருக்குத் தெரியும்? உப்பு கூடினால் ஊர் ஆண்கள் குறை சொல்வார்கள் என்பது அவருக்குத் தேவை. கைக்குழந்தையின் தோல் தேவையாகப் படவில்லை.

ஜுலைகாவுக்கும் அது அன்றே விளங்கிவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அதே பலகையிலிருந்து ஒரு கட்டியை எடுத்துக் கணவன் கையில் கொடுத்தாள். "இன்னைக்குப் பெருநாள். ஒங்களுக்கு நோன்பு இல்ல. வைங்க." தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. வைத்தார். முகம் கோணிப்போய், கஞ்சிக்குத் துப்புவது போலவே துப்பினார்.