தட்டுமணியை யார் அடிப்பது?

கடலோரச் சிற்றூர் ஒன்றில் ஓர் அரசு நடுநிலைப் பள்ளி இருந்தது. பெற்றோர் ஆசிரியர் கழகங்களுக்குத் துணை நிற்பதையே வேலையாகக் கொண்ட ஓர் அறக்கட்டளை, அந்த வட்டாரத்துப் பள்ளிகளை வருடம் முழுக்கச் சுற்றிப் பார்த்து, எந்தக் கழகம் அதிகம் முன்னேறியது என்று ஆண்டு விழாவில் அறிவிக்கும். பரிசு ஒரு வெண்கலத் தட்டுமணி. கனமான வட்டத் தகடு. ஒருவர் இரு கையாலும் கயிற்றைத் தூக்கிப் பிடித்தால்தான் இன்னொருவர் கட்டையால் அடிக்கலாம். முதல் அடியை மேடையிலேயே அடிக்க வேண்டும். எவரால் பெற்றோர் பள்ளிக்கு வந்தார்களோ அவரே அடிக்க வேண்டும் என்பது விதி. விதி அவ்வளவுதான்.

தீர்ப்புச் சொல்லப்போவது நீங்கள். ஆகையால் கவனித்துக் கேளுங்கள்.

தையல்நாயகி மீன் விற்பவள். மகள் கவிமலர் அந்தப் பள்ளியில் ஏழாம் வகுப்பு. போன வருடம் ஒருநாள் கழகக் கூட்டம் என்று கேள்விப்பட்டு, கூடையைப் பள்ளி வாசலில் வைத்துவிட்டு, குழாயடியில் கையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டு உள்ளே போனாள். பெற்றோர் என்று வந்தது அவள் ஒருத்திதான். கழகத் தலைவர் கோவர்த்தனன், இரும்புக் கடை முதலாளி, கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"மீன் வாடை குடலைப் புரட்டுது. வெளிய நின்னு கேளும்மா, காது கேக்கும்ல?"

அவருடைய நண்பர்கள் இருவர் சிரித்தார்கள். தலைமையாசிரியை எமிலி டீச்சர் மேசை விரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். தையல்நாயகி வெளியே வந்தாள். தாழ்வாரத்தில் கவிமலர் நின்றிருந்தாள்.

மறுநாள் கவிமலர் அதை வகுப்பில் சொல்லி அழ, செய்தி தலைவர் காதுக்குப் போனது. "நான் அப்படிச் சொல்லவே இல்லையே! ஆத்தாளும் மகளும் கட்டிவிட்ட கதை" என்றார் அவர். நண்பர்கள் ஆமாம் போட்டார்கள். டீச்சர் வாய் திறக்கவில்லை. அதன்பிறகு பிள்ளைகள் கவிமலரைக் கண்டால் மூக்கைப் பொத்தினார்கள். பொய்க்காரி என்றும் கூப்பிட்டார்கள்.

தையல்நாயகி ஒரு முடிவுக்கு வந்தாள். சொன்னதைச் சொன்னேன் என்று அந்த வாயாலேயே ஊர் கேட்கச் சொல்ல வைக்கவேண்டும். அதுவரை சோறு இறங்காது.

தெருத் தெருவாக மீனோடு சேர்த்து இதையும் விற்றாள். "யக்கா, சங்கரா மீனு வாங்குறியோ இல்லியோ, வெள்ளிக்கெழம பள்ளிக்கூடத்துக்கு வந்துரு. தலைவரு முழிக்கிற முழியைப் பாக்கலாம்."

வேடிக்கை பார்க்கப் பத்துப் பேர் வந்தார்கள். தையல்நாயகி எழுந்தாள்.

"சார், அன்னிக்கு என்னைய என்ன சொன்னீங்க?"

"நான் ஒண்ணும் சொல்லலையே."

"சரி, அது கெடக்கட்டும். பொம்பளப் புள்ளைவ கக்கூஸு ஏன் பூட்டிக் கெடக்கு? சாவி யாரு இடுப்புல இருக்கு?"

அத்தனை பேர் முன்னால் அவருக்கு வேர்த்தது. அடுத்த மாதத்துக்குள் பூட்டு திறந்துவிட்டது. அடுத்த மாதம் கூட்டம் பெருகியது. மறுபடி அதே முதல் கேள்வி, அதே பதில். "சரி, அது கெடக்கட்டும். தண்ணித் தொட்டிய என்னிக்குக் கழுவுனீங்க?" தொட்டி பளபளத்தது. இப்படியே மாதாமாதம். மற்ற தாய்மாரும் எழுந்து கேட்கத் தொடங்கினார்கள். வருடம் முடிவதற்குள் உட்கார பெஞ்சு போதவில்லை.

தட்டுமணி அந்தப் பள்ளிக்கே கிடைத்தது. விழா மேடையில் அறக்கட்டளைத் தலைவி ரமணீஸ்வரி, "யாரால பெற்றோர் வந்தாங்க?" என்று கேட்டார்.

எமிலி டீச்சர் மெல்ல எழுந்தார். "வெறும் பெஞ்சுக்கு வணக்கம் சொல்லிட்டு வீட்டுக்குப் போன காலத்துலயும் ஒரு மாசம்கூட கூட்டத்தை நிறுத்தலை மேடம். நான் கதவைத் திறந்து வைக்கலைன்னா இவங்க எங்க வந்து உக்காருவாங்க?"

"கூவிக் கூவிக் கூட்டியாந்தது நானும்மா" என்றாள் தையல்நாயகி.

"எதுக்காகக் கூட்டினீங்க?" என்றார் ரமணீஸ்வரி.

பிள்ளைகள் நலனுக்காக என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் சொல்லவில்லை. "இந்த மனுசன் மூஞ்சி கறுக்குறதப் பாக்கத்தான். வேற எதுக்கு?"

அரங்கம் சிரித்தது. கோவர்த்தனனுக்கு வழி திறந்ததுபோல் இருந்தது. பாய்ந்து எழுந்தார்.

"கேட்டுக்கிட்டீங்களா மேடம்? பழிவாங்க வந்தவளுக்கா மணி? இவளுக்கு ரோஷம் வந்ததே என்னாலதான். மீன் வாடை, வெளிய நில்லுன்னு அன்னிக்கு நான் சொன்னேன். சொல்லலைன்னா கூடையைத் தூக்கிட்டு இவ பாட்டுக்குப் போயிருப்பா. வேரே நான்தான். மணி எனக்குத்தான்!"

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவருக்கே உறைத்தது. தையல்நாயகி அவரைப் பார்க்கவில்லை. திரும்பி மூன்றாவது வரிசையைப் பார்த்தாள். கவிமலர் எழுந்து நின்றிருந்தாள். பக்கத்தில் ஒரு பிள்ளையும் மூக்கைத் தொடவில்லை.

கதவைத் திறந்து வைத்த டீச்சரா, வன்மத்தோடு ஆள் சேர்த்த தையல்நாயகியா, அந்த வன்மத்துக்கே வேர் நான் என்ற கோவர்த்தனனா? தட்டுமணியை அடிக்கும் நியாயம் யாருக்கு உண்டு?

விடை: விதி, யாரால் வந்தார்கள் என்றுதான் கேட்கிறது, என்ன மனதோடு அழைத்தார் என்று கேட்கவில்லை. திறந்த கதவு மட்டும் யாரையும் இழுத்து வரவில்லை; வந்த ஒருத்தியும் துரத்தப்பட்டபோது டீச்சர் விரிப்பைத்தான் பார்த்தார். கோவர்த்தனனின் சொல்லோ ஒருத்தியை வெளியே அனுப்பியதே தவிர, ஒருவரையும் உள்ளே கொண்டுவரவில்லை. எனவே அடிக்க வேண்டியவள் தையல்நாயகி. ரமணீஸ்வரி கட்டையை அவளிடம் கொடுத்தார். கயிற்றைக் கோவர்த்தனனிடம் நீட்டி, "வேர்னு சொன்னீங்களே, தாங்கிப் பிடிங்க" என்றார். "ஆடாமப் பிடிங்க சார்" என்று சொல்லி, காலையில் மீன் அரிந்த கையை ஓங்கிக்கொண்டு தையல்நாயகி நெருங்கிப் போனாள். மூக்கைப் பொத்திக்கொள்ள அவருக்குக் கை மிச்சமில்லை.