தணிகாசலத்தின் வலது தோள்

எங்கள் மசாஜ் கல்லூரிக்குத் தேர்வு நடத்த வந்த தணிகாசலம், கண் தெரியாத மாணவி மரியபுஷ்பத்தைச் சுவரில் தொங்கிய உடற்கூறு படத்தின் முன் நிறுத்தி, "தோள் தசையைத் தொட்டுக் காட்டு" என்றார்.

"படத்துக்கு வலிக்காதே சார். நீங்க படுங்க, காட்டுறேன்."

எல்லாரும் சிரித்துவிட்டதால் வேறு வழியில்லாமல் படுத்தார். அவள் ஒவ்வொரு தசையாகத் தொட்டுப் பெயர் சொல்லிக்கொண்டே வந்து, வலது தோளில் நிறுத்தினாள்.

"இது இறுகிக்கிட்டு வருது சார். இப்பவே பாக்கலேன்னா கையைத் தூக்க முடியாமப் போயிடும்."

"பரீட்சை உனக்கா, எனக்கா?" என்று எழுந்தவர், அந்தக் கையாலேயே முட்டை போட்டார். அவளுக்குப் பாடம் நடத்திய நான் வாயைத் திறக்கவில்லை.

மறுவருஷம் வந்தபோது அவரால் வலது கையைத் தூக்க முடியவில்லை. "அந்தப் பொண்ணு எங்க?" என்றார்.

அன்றுதான் எனக்கு வாய் திறந்தது.

"நீங்க முட்டை போட்டீங்க. நான் பாத்துக்கிட்டு நின்னேன். அவ படிப்பையே விட்டுட்டுப் போயிட்டா சார்."