கதவைத் திறந்த உடும்பு

மூங்கில் அடர்ந்த ஒரு காட்டில் விலங்குகள் கூடி ஒரு வைத்தியசாலை நடத்தி வந்தன. கரடி அங்கே வைத்தியர். வைத்தியசாலைக்குள்ளேயே இருந்த களஞ்சியத்தின் பொறுப்பு உடும்பிடம். ஒவ்வொரு குடும்பமும் தன் தானியத்தில் ஒரு பங்கைக் களஞ்சியத்தில் போட்டு வைக்கும். மருந்து வாங்குவதும், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் குரங்குகளுக்குக் கூலி கொடுப்பதும் அதிலிருந்துதான்.

ஒரு மழைக்காலத்தில் காடெங்கும் விஷக்காய்ச்சல் பரவியது. வைத்தியசாலையில் கால் வைக்க இடமில்லை.

"உடும்பாரே, செலவு கட்டுக்கடங்கவில்லை. குரங்குகளின் கூலியைப் பாதியாகக் குறைப்போமா?" என்று கேட்டது கரடி.

"கூடவே கூடாது! உழைக்கிறவர்கள் வயிற்றில் அடித்தால், நோயாளி வாயில் தண்ணீர் ஊற்ற ஆள் இருக்காது. கூலியைக் கூட்டிக் கொடுப்போம். அதற்காக, வாசலில் நடந்துவரும் கல் பாவும் வேலையை நிறுத்துவோம்" என்றது உடும்பு.

தானியம் கூடை கூடையாய் வெளியே போயிற்று. வெறுங்கூடைகள் கொல்லையில் குவிந்தன. பயந்தாங்கொள்ளி முயல் அதைப் பார்த்துவிட்டது.

"ஐயோ, களஞ்சியம் காலி! நம் பங்கெல்லாம் போச்சு!" என்று காடு முழுக்கக் கத்திக்கொண்டு ஓடியது.

காடே திரண்டு வந்தது. "எங்கள் பங்கைத் திருப்பிக் கொடு!" என்று காட்டுப்பன்றி வைத்தியசாலைக் கதவை முட்டியது.

"கதவைத் தாழிடும், உடும்பாரே!" என்று பதறியது கரடி.

உடும்பு யோசித்தது. எல்லாரும் பங்கை அள்ளிப் போனால் உள்ளே முனகுகிறவர்களின் கதி என்ன? ஆனால் கதவைப் பூட்டினால் முயல் சொன்னதே மெய்யென்று ஆகிவிடுமே! அது கதவை அகலத் திறந்தது.

"உள்ளே வந்து நீங்களே பாருங்கள். பாதி செலவாகிவிட்டது, மறைக்கவில்லை. மீதி இதோ இருக்கிறது. மழை ஓயும்வரை தாங்கும். பங்கு வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் நாளைக்கு உங்கள் குட்டிக்குக் காய்ச்சல் வந்தால் எங்கே தூக்கிப் போவீர்கள்?"

காட்டுப்பன்றி உள்ளே நுழைந்தது. கழுத்தளவு குவிந்திருந்த தினையைப் பார்த்தது. பக்கத்தில் ஒரு குரங்கு, கண் திறக்க முடியாத மான்குட்டிக்குக் கஞ்சி புகட்டிக்கொண்டிருந்தது. அதையும் பார்த்தது.

"என் பங்கு இங்கேயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தது. அதன் முகத்தைப் பார்த்த கூட்டம் மெல்லக் கலைந்தது.

மழை ஓய்ந்தது, காய்ச்சலும் ஓய்ந்தது. அதுவரை ஒரு குரங்குகூட வேலையை விட்டுப் போகவில்லை.

நீதி: நெருக்கடியில் மறைத்தால் பயம் வளரும், உள்ளதை உள்ளபடி காட்டினால் நம்பிக்கை வளரும்.